ரெட்டினால், வைட்டமின் சி, சாலிசிலிக் அமிலம்... எதை எதோடு சேர்க்கலாம்? எதைச் சேர்த்தால் முகம் எரியும்?

காலையில் வைட்டமின் சி சீரம், ராத்திரி ரெட்டினால் க்ரீம், நடுவில் கிளைகாலிக் அமில டோனர். ரீல்ஸ் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கியாச்சு. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல பொருள்கள்தான். ஆனால் மூன்றையும் ஒரே ராத்திரியில் பூசிட்டுப் படுத்தால், சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியும் முகத்தோடுதான் பலர் எழுந்திருக்கிறார்கள்.

நம்ம ஊர் தோலுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் எரிச்சலோ, பருவோ, புண்ணோ வந்தால், அது ஆறிய பிறகும் அந்த இடம் கருத்துப்போய் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதாவது கரும்புள்ளியைப் போக்க வாங்கிய சீரமே புதிய கரும்புள்ளியைக் கொடுத்துவிடலாம். எந்தப் பொருளை எப்போது, எதோடு பூசலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், 'ஆக்டிவ்' என்றால் என்ன?

ஒரு க்ரீமில் தண்ணீர், எண்ணெய், வாசனைப் பொருள் என்று பல இருக்கும். இவற்றுக்கு நடுவே தோலில் உண்மையாகவே ஒரு மாற்றத்தை ஏற்படுத்தும் பொருளைத்தான் 'ஆக்டிவ்' என்கிறார்கள். பருவைக் குறைப்பது, கருமையைக் குறைப்பது, இறந்த செல்களை நீக்குவது எல்லாம் இதன் வேலை.

தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல் என்றால், செராமைடு, கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புகள் நடுவில் இருக்கும் சிமெண்ட். இந்தச் சுவர்தான் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் தூசு, கிருமியை உள்ளே விடாமலும் காக்கிறது. அமிலமும் ரெட்டினாலும் இந்தச் சுவரில் கை வைத்துத்தான் வேலை செய்கின்றன. ஒன்று கை வைத்தால் தோல் சமாளித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் மூன்று கை வைத்தால் சுவர் விரிசல் விடும்.

எது என்ன வேலை செய்யும்?

வைட்டமின் சி: வெயிலால் வரும் பாதிப்பைக் குறைக்க உதவும், கருமையையும் மெல்லக் குறைக்கும். அஸ்கார்பிக் அமிலமாக இருந்தால், அதன் பிஹெச் அளவு 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் நன்றாக இறங்கும். அதனால்தான் பூசியதும் லேசாகச் சுருக்கென்று இருக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதல் பலன் கிடையாது, எரிச்சல்தான் கூடும். பாட்டிலில் இருக்கும் சீரம் பழுப்பு நிறத்துக்கு மாறிவிட்டால் அது கெட்டுப்போச்சு என்று அர்த்தம்.

நியாசினமைடு: இது வைட்டமின் பி3. எண்ணெய்ப் பசையைக் கட்டுப்படுத்தும், தோலின் சுவரைப் பலப்படுத்தும். பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். 2 முதல் 5 சதவீதமே போதும். 10 சதவீதம் பூசி முகம் சிவந்தால், குறைந்த அளவுக்கு மாறிப் பாருங்கள்.

கிளைகாலிக், லாக்டிக், மேண்டலிக் அமிலங்கள்: இறந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி உரிக்கும். இவற்றைப் பூசும் காலத்தில் தோல் சீக்கிரம் வெயிலில் கன்றிப்போகும். இதைப் பற்றி லேபிளிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2005-லேயே பரிந்துரை செய்தது.

சாலிசிலிக் அமிலம்: எண்ணெயில் கரையும் என்பதால் தோல் துவாரத்துக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும். பரு, பிளாக்ஹெட்ஸ் இருப்பவர்களுக்கு ஏற்றது. கடையில் கிடைக்கும் சீரம்களில் பொதுவாக 2 சதவீதம் வரை இருக்கும்.

ரெட்டினால்: வைட்டமின் ஏ குடும்பம். தோலுக்குள் போய் இரண்டு படி மாறி ரெட்டினோயிக் அமிலமான பிறகுதான் வேலையை ஆரம்பிக்கும். டாக்டர்கள் எழுதித் தரும் ட்ரெட்டினோயின் என்பது அந்த ரெட்டினோயிக் அமிலமேதான். அதனால் அதற்கு வீரியமும் அதிகம், எரிச்சலும் அதிகம். முகத்துக்கான அழகுப் பொருள்களில் ரெட்டினால் அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் 2024-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆன்லைனில் 1 சதவீத ரெட்டினாலை முதல் தடவையே ஆர்டர் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு: பருவை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கொல்லும். 2.5 சதவீதமே 10 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும்; எரிச்சல் குறைவு. கலர் துண்டு, தலையணை உறையில் பட்டால் வெளுத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதை எதோடு தைரியமாகச் சேர்க்கலாம்?

வைட்டமின் சி + நியாசினமைடு: இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று பல வருஷமாகச் சொல்லப்படுகிறது. நிலையற்ற பழைய கலவைகளை, அதிகச் சூட்டில் வைத்துச் செய்த பரிசோதனைகளிலிருந்து கிளம்பிய பயம் இது. இன்றைய சீரம்களைச் சாதாரண வெப்பநிலையில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசுவதில் பிரச்னை இல்லை. முகம் சிவந்தால் மட்டும் ஒன்றைக் காலைக்கும் மற்றொன்றை ராத்திரிக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

வைட்டமின் சி + வைட்டமின் ஈ + ஃபெரூலிக் அமிலம்: இவை ஒன்றுக்கொன்று துணை. ஃபெரூலிக் அமிலம் சேரும்போது, வெயிலுக்கு எதிராக சி-யும் ஈ-யும் தரும் பாதுகாப்பு இரட்டிப்பாவதாக 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனாலும் சன்ஸ்க்ரீனுக்கு இது மாற்று கிடையாது.

ரெட்டினால் + நியாசினமைடு: நல்ல ஜோடி. ரெட்டினால் தரும் வறட்சியை நியாசினமைடு ஓரளவு சமாளிக்கும்.

ஹையலுரானிக் அமிலம், செராமைடு: எதோடும் சேரும். 'அமிலம்' என்று பேர் இருந்தாலும் ஹையலுரானிக் அமிலம் தோலை உரிக்காது. ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான்.

எதைப் பிரித்துப் பூச வேண்டும்?

ரெட்டினால் + கிளைகாலிக் அல்லது சாலிசிலிக் அமிலம்: அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டும் மேல் தோலை உரிய வைப்பவை. ஒரே ராத்திரியில் வேண்டாம். வேறு வேறு நாளில் பூசுங்கள்.

ரெட்டினால் + வைட்டமின் சி: சேர்ந்தால் எரிச்சல் கூடும். வைட்டமின் சி காலையில், ரெட்டினால் ராத்திரியில். ரெட்டினால் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் எப்படியும் அதற்கு ராத்திரிதான் சரியான நேரம்.

ட்ரெட்டினோயின் + பென்சாயில் பெராக்சைடு: பழைய வகை ட்ரெட்டினோயின் ஜெல்லை பென்சாயில் பெராக்சைடு சிதைத்துவிடும். பூசியும் பலன் இருக்காது. ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை ராத்திரியிலும் பூசலாம். அடாபலீன் மட்டும் இதில் விதிவிலக்கு. அது பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதையாது. இரண்டும் ஒரே ட்யூபில் வருவதும் அதனால்தான்.

அமிலத்தின் மேல் அமிலம்: ஃபேஸ்வாஷில் சாலிசிலிக், டோனரில் கிளைகாலிக், சீரத்தில் லாக்டிக் என்று தெரியாமலே மூன்று அமிலம் பூசுகிறவர்கள் நிறைய பேர். புதுசாக ஒன்று வாங்கும் முன், வீட்டில் இருக்கும் எல்லா லேபிளையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். இதோடு வால்நட் ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

எந்த வரிசையில் பூசுவது?

தண்ணீர் மாதிரி இருப்பது முதலில், கெட்டியானது கடைசியில். இதுதான் பொதுவான விதி.

காலை: மென்மையான ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி அல்லது நியாசினமைடு, மாய்ஸ்சரைசர், கடைசியாக சன்ஸ்க்ரீன்.

ராத்திரி: ஃபேஸ்வாஷ், அன்றைக்கு உரிய ஒரே ஒரு ஆக்டிவ், மாய்ஸ்சரைசர்.

ராத்திரிகளைப் பிரித்துக்கொள்ள 'ஸ்கின் சைக்ளிங்' என்ற எளிய முறை இருக்கிறது. முதல் ராத்திரி அமிலம், இரண்டாவது ராத்திரி ரெட்டினால், மூன்றாவதும் நான்காவதும் வெறும் மாய்ஸ்சரைசர். ஐந்தாவது நாள் மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டு ஓய்வு நாட்களில்தான் தோல் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஓய்வு நாளைத் தாண்டிக் குதித்தால் ரிசல்ட் சீக்கிரம் வராது.

ரெட்டினாலை முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு எடுத்தால் போதும். முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். கண் இமை, மூக்கு ஓரம், உதட்டு ஓரத்தை விட்டுவிடுங்கள். எரிச்சல் பயம் இருந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று பூசலாம். வாரத்துக்கு 2 ராத்திரியில் ஆரம்பித்து, தோல் பழகிய பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

புதுசாக ஒன்றைச் சேர்க்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக ஆரம்பித்துவிட்டு முகம் எரிந்தால், குற்றவாளி யார் என்றே தெரியாது. முதலில் காதுக்குப் பின்னாலோ, முழங்கையின் உள்பக்கத்திலோ சில நாள் பூசிப் பாருங்கள். பிரச்னை இல்லையென்றால் முகத்துக்கு வாருங்கள். அடுத்த பொருளைச் சேர்க்கக் குறைந்தது 2 வாரமாவது இடைவெளி விடுங்கள். மேல் தோல் புதுப்பிக்கவே கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். 3 நாளில் மாற்றம் தெரியவில்லை என்று அளவைக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை.

சன்ஸ்க்ரீன் இல்லாமல் எதுவும் வேண்டாம்

சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் அமிலமும் ரெட்டினாலும் பூசிவிட்டு சன்ஸ்க்ரீனைத் தவிர்த்தால், காசு கொடுத்துக் கருமையை வாங்குவது போலத்தான். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு மாதிரி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் வேலை செய்பவர்கள், பைக்கில் சுற்றுபவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். சீரத்தை சன்ஸ்க்ரீனோடு உள்ளங்கையில் கலந்து பூசினால் பாதுகாப்புப் படலம் சீராக விழாது. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

யாரெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால், ட்ரெட்டினோயின், அடாபலீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும். பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பை ஏற்படுத்தும் என்பதால், இந்தக் குடும்பத்தையே தவிர்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அவர்களுக்குப் பரு, கருமை இரண்டுக்கும் டாக்டரிடம் கேட்டு அசெலாயிக் அமிலம் பயன்படுத்தலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுருக்கம் போக்கும் ரெட்டினாலும், உரிக்கும் அமிலமும் தேவையே இல்லை. ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் போதும். பரு அதிகமாக இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

பார்லர் போகிறவர்கள், வேக்சிங், த்ரெட்டிங், ஃபேஷியலுக்கு ஒரு வாரம் முன்பே ரெட்டினாலையும் அமிலத்தையும் நிறுத்திவிடுங்கள். ரெட்டினால் பூசும் தோலில் வேக்சிங் செய்தால் தோலும் சேர்ந்து உரிந்து வரும் ஆபத்து இருக்கிறது.

எலுமிச்சைச் சாற்றின் பிஹெச் அளவு கிட்டத்தட்ட 2. அதை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். வீட்டுப் பொருள்தானே என்று சும்மா விட முடியாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' க்ரீம்

இதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம்கள் மங்கு போன்ற கருமைக்கு, டாக்டர் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு மட்டும் தரப்படுபவை. சில நாளில் முகம் பளிச்சென்று ஆவதால், பலர் இதையே வருஷக்கணக்கில் ஃபேர்னஸ் க்ரீம் போலப் பூசுகிறார்கள்.

விளைவு? தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். பரு, முடி வளர்ச்சி வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இந்த வலையில் சிக்கிய முகத்துக்கு 'டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்' என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது.

உங்கள் ட்யூபில் மொமெடாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. நீண்ட நாள் பூசியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். தோல் மருத்துவரைப் பார்த்தால், படிப்படியாகக் குறைக்க வழி சொல்வார்.

முகம் ஏற்கெனவே எரியுதா?

எல்லா ஆக்டிவையும் உடனே நிறுத்துங்கள். மென்மையான ஃபேஸ்வாஷ், செராமைடு உள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன். இந்த மூன்று மட்டும் 2 முதல் 4 வாரம். சாதாரண மாய்ஸ்சரைசர் பூசினாலே எரியும் நிலை முழுவதும் போன பிறகு, ஒரே ஒரு ஆக்டிவை வாரத்துக்கு இரண்டு நாள் என்று மறுபடி ஆரம்பிக்கலாம்.

முகம் வீங்கினாலோ, கொப்புளம் வந்தாலோ, நீர் வடிந்தாலோ, கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். பூசிய பொருள்களின் பாட்டில்களையும் கையோடு எடுத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு புறநோயாளிகள் பகுதி இருக்கிறது; அங்கே காட்டலாம்.

(இதில் உள்ளவை பொதுவான தகவல்கள் மட்டுமே. தோல் நோய் இருப்பவர்களும், மருந்து எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரின் ஆலோசனையின்றிப் புதிய பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம்.)