கலேலாக் கூத்தும் சுரங்கத் தொழிலாளர் சங்கமும்

நகரம் புகுந்த கிராமத்தான் தன் பழைய பண்பாட்டை முற்றாகத் துறந்து புதியதொன்றை மேற்கொள்கின்றான் என்பது பலர் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சாம்பியா நாட்டுச் செப்புச் சுரங்க நகரங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வாம்.

1964இல் சுதந்திரம் பெறும்வரை அந்நாடு வட றொடீசியா என்னும் பெயருடன் பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. அங்குச் செப்புச் சுரங்கங்கள் பெருகவே, பல குலங்களைச் சேர்ந்த ஆபிரிக்கர் தத்தம் ஊர்களை நீங்கிக் கூலிவேலை நாடி வந்தனர். அந்நாட்டு மக்களின் வாழ்வை ஆராய்தற்கென 1937இல் றோட்ஸ்-லிவிங்ஸ்ரன் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன்சார்பில் ஆராய்ந்த மானிடவியலாருள் கிளைட் மிற்செல், எப்ஸ்ரைன் என்னும் இருவர் லுவான்சியா நகரைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டனர்.

லுவான்சியாச் சுரங்க நிர்வாகம் 1931இல் குலமுதியோர் அவையொன்றை ஏற்படுத்தியது. ஊரில் குலத்தலைவருக்கு அடங்கி வாழ்ந்தோர் நகரிலும் முதியோர்க்கு அடங்குவர் என்பது நிர்வாகத்தின் கருத்து. ஆயின், 1935இல் வரியுயர்வை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது முதியோர் சொல் எடுபடவில்லை. லுவான்சியாவில் அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1940இல் ஊதியங் குறித்து எழுந்த வேலைநிறுத்தத்தின்போது நிக்கானாச் சுரங்கத்தில் 17 பேர் உயிரிழந்தனர். இவ்வளவு நிகழ்ந்த பின்னரும் நிர்வாகம் அம்முறையைக் கைவிடவில்லை. 1949இல் ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1953இல் நடந்த வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் குலப்பிரதிநிதி முறைக்கு எதிராக வாக்களித்தனர், அம்முறை ஒழிந்தது.

இதனால் குலவுணர்வு அழிந்ததோ எனின், அன்று. ஞாயிறு பிற்பகல்களில் அதே தொழிலாளர் குலங்குலமாகக் கூடிக் கலேலா என்னுங் கூத்தை ஆடினர். லுவான்சியாவில் பீசாக் குலத்தார் ஆடிய கூத்தை மிற்செல் நேரிற் கண்டு 1956இல் நூலாக வெளியிட்டார். ஆடுவோர் அணிந்தவை குலமரபு உடைகள் அல்ல. மடிப்புக் கலையாத நீள்காற்சட்டையும் மெருகிட்ட சப்பாத்துமே. அவருள் ஒருவர் அரசராகவும், ஒருவர் வெள்ளங்கி தரித்த வைத்தியராகவும், ஒரு பெண் தாதியாகவும் வேடம் பூண்டனர். பாடல்களோ சொந்த ஊரைப் புகழ்ந்தும் பிறகுலத்தாரை எள்ளியும் அமைந்தன. உடையில் ஐரோப்பியம், பாட்டிற் குலப்பற்று! இம்முரண்பாடே ஆராய்ச்சியாளர் கருத்தைக் கவர்ந்தது.

இதற்கு அவர் கண்ட விளக்கம் சிந்திக்கத்தக்கது. ஊரிற் குலம் என்பது நிலமும் தலைமையும் சார்ந்த ஓர் ஆட்சியமைப்பு. நகரிலோ அது அறிமுகமில்லா அயலாரை இன்னார் என இனங்காண்பதற்குரிய ஓர் அடையாளம். ஊதியம் பற்றி நிர்வாகத்தோடு வழக்காடுங்கால் ஒருவன் தொழிலாளி. அண்டை அயலாரோடு பழகுங்கால் அவனே குலத்தான். இடத்துக்கேற்ப இரண்டும் அவனிடம் நிலவின. எனவே, முதியோரைத் தம் பிரதிநிதிகளாக ஏற்க மறுத்தமை பண்பாட்டை மறுத்தமையாகாது. தமக்காகப் பேசுவோரைப் பிறர் நியமித்தலை மறுத்தமையேயாகும்.

இவ்வாய்வுகளிற் குறையும் உண்டு. தென்னாபிரிக்கச் சமூகவியலறிஞர் பேர்னாட் மகுபானே 1971இல் இவற்றைக் கடுமையாகக் கண்டித்தார். ஐரோப்பிய உடையை மதிப்பின் அளவுகோலாகக் கொண்டோர், அவ்வுடைக்கு மதிப்பளித்த ஆதிக்கத்தையும் நிறவேற்றுமையையும் போதிய அளவு ஆராயவில்லை என்பது அவர் வாதம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. கூத்தில் வைத்தியர் வேடம் பூண்டவனுக்கு வாழ்வில் அப்பதவி எட்டாதிருந்தது ஏன் என்னும் வினாவும் ஆராய்ச்சிக்கு உரியதே.

ஆதலின் இவ்வரலாறு உணர்த்துவது யாதெனின், பண்பாட்டு மாற்றம் என்பது ஒருவழிப் பயணமன்று. மக்கள் பழையதனுள் வேண்டியதைப் பேணி, புதியதனுள் வேண்டியதைக் கொள்வர். அவ்வாறு கொள்வதும் தள்ளுவதும் தம் கையிலேயே இருத்தல்வேண்டும் என அவர் வற்புறுத்தும்போதே ஒரு சமுதாயம் வலிமை பெறத் தொடங்குகின்றது. சமுதாயத்தை ஆராயப் புகுவோர், மக்கள் எவ்வாறு மாறினர் என்பதோடு அமையாது, அம்மாற்றத்தைத் தீர்மானித்தவர் யாவர் என்பதையும் வினவுதல் கடனாகும்.