எலக்ட்ரான் சிதறல் கணிப்பு முறைகள்

ஓர் அணுவையோ அயனியையோ நோக்கி வரும் எலக்ட்ரான் எந்தத் திசையில் விலகும், எவ்வளவு ஆற்றலை அதனிடம் விட்டுச்செல்லும் என்பதைக் குவாண்டம் இயக்கவியல் சமன்பாடுகளிலிருந்து எண்களாகப் பெறும் வழிகள். விடை பெரும்பாலும் ‘குறுக்குவெட்டுப் பரப்பு’ என்ற அளவாக வரும். மோத வருபவருக்கு அந்த அணு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதே அது. விண்மீன்களின் நிறமாலையைப் படிப்பவர்களுக்கும் அணுக்கரு இணைவு உலை கட்டுபவர்களுக்கும் இந்த எண்கள் அன்றாடத் தேவை.

இலக்குகளில் எளியது ஹைட்ரஜன். புரோட்டான் ஒன்று, எலக்ட்ரான் ஒன்று. வந்து மோதுவதையும் சேர்த்தால் மூன்றே துகள்கள். அந்த மூன்றுக்கே சமன்பாட்டைக் கையால் முழுமையாகத் தீர்க்க முடியாது. எதை விட்டுவிட்டால் கணக்கு ஓடும் என்று தேடியதுதான் இத்துறையின் வரலாறு.

1921இல் ஜெர்மானியர் கார்ல் ராம்சௌவர் ஆர்கான் வாயுவுக்குள் மெதுவான எலக்ட்ரான்களைச் செலுத்தினார். ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றலில், வாயுவே இல்லாததுபோல அவை கடந்து சென்றன. எலக்ட்ரானைச் சிறு குண்டாகக் கருதியவர்களிடம் இதற்கு விளக்கம் இல்லை. 1926இல் மாக்ஸ் போர்ன் மோதலை அலையாக எழுதினார். அலைச்சார்பின் வர்க்கமே நிகழ்தகவு என்ற கருத்து அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில்தான் வந்தது. 1954ஆம் ஆண்டு நோபல் பரிசு அடிக்குறிப்புக்குக் கிடைத்தது என்றாலும் தப்பில்லை. அவர் பெயர் தாங்கிய தோராயம், வேகமான எலக்ட்ரான் அணுவால் அதிகம் பாதிக்கப்படாது என்று வைத்துக்கொள்கிறது. மெதுவானவற்றுக்கு அது உதவாது. மறு ஆண்டே ஃபாக்சேனும் ஹோல்ட்ஸ்மார்க்கும் வரும் அலையைக் கோண உந்தத்தின்படி பகுதி அலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கட்டமும் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டனர். முதன்மையான பகுதி அலையின் நகர்வு சரியாக 180 பாகையின் மடங்காகும் ஆற்றலில் சிதறல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ராம்சௌவர் கண்டது அதைத்தான். இவற்றையெல்லாம் தொகுத்து நெவில் மாட்டும் ஹாரி மாசியும் 1933இல் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது.

கணினி வந்ததும் கதை வேகம் பிடித்தது. 1961இல் சார்லஸ் ஷ்வார்ட்ஸ் மாறுபாட்டு முறையால் ஹைட்ரஜனின் சிதறல் நீளங்களை, அதாவது மிக மெதுவான எலக்ட்ரானின் சிதறலைக் குறிக்கும் அளவுகளை, பெற்றார்: இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் 5.965, ஒரே திசையில் இருந்தால் 1.7686 போர் ஆரங்கள். புதிதாக நிரல் எழுதுபவர் இன்றும் இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

நெருங்கிய பிணைப்பு முறை வேறு வழியில் போனது. இலக்கின் சில ஆற்றல் நிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துத் தீர்ப்பது அதன் உத்தி. 1962இல் பிலிப் பர்க்கும் ஹாரி ஷேயும் ஹைட்ரஜனுக்கு இப்படிக் கணித்தபோது 9.6 எலக்ட்ரான் வோல்ட் அருகே கூர்மையான ஒத்ததிர்வு தென்பட்டது. வந்த எலக்ட்ரான் சிறிது நேரம் அணுவிடம் சிக்கித் தங்குகிறது. சில ஆண்டுகளில் ஆய்வகத்திலும் அது அகப்பட்டது.

அயனிகளில் இத்தகைய ஒத்ததிர்வுகள் வரிசை வரிசையாக நெருங்கி நிற்பதால் ஆயிரக்கணக்கான ஆற்றல்களில் கணக்குப் போட வேண்டும். இதற்கு ஏற்ற கருவி ஆர்-அணி முறை. விக்னரும் ஐசன்பட்டும் 1947இல் அணுக்கருவுக்காக வகுத்ததைப் பர்க், ஹிப்பர்ட், ராப் மூவரும் 1971இல் அணுவுக்குக் கொண்டுவந்தனர். அணுவைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து, உள்ளே நடக்கும் சிக்கலை ஒரே முறை தீர்த்துவிட்டால், வெளியே ஒவ்வொரு ஆற்றலுக்கும் எளிய கணக்கு போதும். விண்மீன்களின் ஒளிபுகாமையை மறுமதிப்பீடு செய்ய மைக்கேல் சீட்டன் 1980களில் நடத்திய பன்னாட்டுத் திட்டம் இதன் தோளில்தான் நின்றது.

நெருங்கிய பிணைப்பு முறையில் விடுபட்ட நிலைகளின் குறையைத் தீர்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்த இகோர் ப்ரேயும் ஆண்ட்ரிஸ் ஸ்டெல்போவிக்ஸும். 1992இல், அயனியாக்கத்துக்கு அப்பாலுள்ள தொடர்நிலைகளையும் லாகெர் சார்புகளால் எழுதி, விடை அசையாமல் நிற்கும்வரை சேர்த்துக்கொண்டே போனார்கள். ஹைட்ரஜனில் 54.4 எலக்ட்ரான் வோல்ட்டில், பெரிய சிதறல் கோணங்களில் சோதனை எண்கள் இதோடு ஒத்துவரவில்லை. பிழை சோதனையில்தான் இருந்தது; 1990களின் பிற்பகுதியில் செய்த புதிய அளவீடுகள் கணக்கின் பக்கம் வந்தன. 1999இல் ரெசிக்னோ, மெக்கர்டி குழு எலக்ட்ரான்களின் ஆரத் தொலைவைக் கலப்பெண் தளத்துக்குத் திருப்பி, இரு எலக்ட்ரான்களும் தெறித்து வெளியேறும் மோதலைத் தீர்த்தது.

இப்போது பி-ஸ்ப்லைன் என்னும் துண்டுச் சார்புகளைக் கையாளும் நிரல்களும், டங்ஸ்டன் அயனிகளுக்கான சார்பியல் கணக்குகளும் மீக்கணினிகளில் ஓடுகின்றன.