காவி வெளுக்கவில்லை

எங்க வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே ஒரு கலர் போட்டோ தொங்குகிறது. தொண்ணூறுகளில் சித்தன்னவாசலில் எடுத்தது. அம்மாவின் அரக்குச் சேலை இப்போது சாம்பல் நீலம். முகத்தில் கண் இருந்த இடம் தெரிகிறது, அவ்வளவுதான். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. அந்த வயது அம்மாவுக்கு வேறு கலர் படம் கிடையாது.

போன மாதம் மறுபடி அங்கே போனேன். ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அறிவர் கோயில். கூரையில் தாமரைக்குளம், யானை, மீன், பூப்பறிக்கிறவர்கள். கீறலும் உதிர்வும் நிறைய. ஆனால் மிச்சமிருக்கிற காவிச் சிவப்பு, சிவப்பாகவே இருக்கிறது.

"எல்லாம் மூலிகைச் சாயம் சார், அதான் நிக்குது" என்றார் பக்கத்தில் நின்றவர். சின்ன வயசில் நானும் அப்படித்தான் பெருமைப்பட்டேன். விஷயம் நேர் எதிர். சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் புதுக்கோட்டை ஓவியங்களை ஆராய்ந்தார். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவிமண். காவி என்பது இரும்பு ஆக்ஸைடு, கிட்டத்தட்ட துரு. ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து முடித்துவிட்ட பொருள். வெளிச்சம் அதை என்ன செய்யும்? (குகையின் இருட்டும் உதவியிருக்கும். யாரும் அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டவில்லை.)

போட்டோவில் இருப்பது கரிமச் சாயம். ஒளியை விழுங்கிய மூலக்கூறில் சில சமயம் ஒரு பிணைப்பு அறுந்து, ஆளுக்கொரு ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு இரண்டு துண்டுகள் பிரியும். பாடப்புத்தகம் தனி உறுப்பு என்கிற ஃப்ரீ ராடிக்கல் அதுதான். ஜோடி தேடி அடுத்த மூலக்கூறைத் தாக்கும், ஆக்ஸிஜனைப் பிடிக்கும். நிறம் போய்விடும்.

1900இல் மிச்சிகனில் கோம்பெர்க் இப்படியொன்றைக் கண்டதாகச் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவருடையது நிலைத்து நிற்கும் அபூர்வ வகை. மற்றவை கண்ணிமைக்கும் முன் காணாமல் போகும், எப்படிப் பார்ப்பது? போரில் கடற்படை ரேடாரில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜார்ஜ் போர்ட்டர், கேம்பிரிட்ஜில் நாரிஷுடன் ஒரு வழி கண்டார். பலமான ஃபிளாஷ் ஒன்றால் மூலக்கூறை உடை. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு கழித்து இரண்டாவது ஃபிளாஷில் அதன் நிறமாலையைப் பதிவு செய். டீபக்கிங் செய்கிற எவனுக்கும் இது பிடிக்கும். 1967இல் ஐகனோடு சேர்த்து இருவருக்கும் நோபல்.

நான் ஸ்கேன் செய்து, ஒரு செயலியில் போட்டுப் பார்த்தேன். சேலை பளிச்சென்று சிவந்தது, முகமும் வந்தது. அது அம்மா இல்லை. அழித்துவிட்டேன்.

நெகட்டிவ் எங்கேயாவது இருட்டில் கிடக்கிறதா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறேன். பழைய டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கணுமாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.