மலைக்கு வந்த தலைவர்களும் மலையில் வாழ்ந்த மக்களும்



கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் பெருவீதியில் பயணம் செய்தோர் புசல்லாவையை அறிவர். ஒருபுறம் கொத்மலைப் பள்ளத்தாக்கு. மறுபுறம் தேயிலை போர்த்த குன்றுகள். இவ்வூரின் வரலாற்றை ஆராயப் புகுவோர் இரண்டினை மறத்தல் இயலாது. ஒன்று காற்று, மற்றொன்று மண். காற்று ஆக்கமும் தந்தது, அழிவும் தந்தது. மண்ணோ, அதில் உழைத்தவருக்குத் தலைமுறை தலைமுறையாக உரிமையாகவில்லை.

1841ஆம் ஆண்டளவில் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் காடு வெட்டிக் காப்பி பயிரிட்டனர். தம் உறவினரான செல்வக் குடும்பத்தின் நினைவாக அதற்கு ரொத்சைல்ட் தோட்டம் எனப் பெயரிட்டனர். 1869இல் காப்பி இலைத் துருநோய் இத்தீவில் தோன்றியது. அதனை ஆராய 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து நோயின் நுண்வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மலைக்கு மலை நோயைச் சுமந்து சென்றது காற்றே என்பது அப்போது தெளிவாயிற்று. காப்பி அழிந்தது; தேயிலை எழுந்தது.

அழித்த காற்றே பின்னர் ஊழியமும் செய்தது. தேயிலைத் தொழிற்சாலைகள் பல மாடிகளும் வரிசை வரிசையான சாளரங்களும் கொண்டிருப்பது ஏன்? பறித்த கொழுந்தை மேல்மாடித் தட்டுகளில் பரப்பி, மலைக்காற்றினால் வாட்டுவதற்கே. மின்விசிறி வருமுன் காற்றின் ஆற்றலை மலையகம் பயன்படுத்திய முறை இது.

இனி அரசியலுக்கு வருவோம். 1947 ஆகஸ்ட் மாதத்தில் மகாவலிப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் புரண்டது. அதே மாதத்தில் பொதுத் தேர்தலும் தொடங்கியது. புசல்லாவைக்கு அப்பால் உள்ள றம்பொடை வேவண்டன் தோட்டத்தவரான சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் அத்தேர்தலில் வென்றனர். தோட்டப் பாதைகளில் வேட்பாளர்கள் நடந்தனர். தொழிலாளியின் குறை கேட்கப்பட்டது.

ஆயின் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952இல் அவர்கள் சார்பில் அக்காங்கிரசிலிருந்து ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. வாக்கு இல்லாதவரின் வாயிலுக்கு வாக்குக் கேட்டு வருவோர் யார்? மழை அப்போதும் பெய்தது. மண் அப்போதும் சரிந்தது. அக்குறையை எடுத்துரைக்கும் குரல்தான் சட்டசபையில் மெலிந்துவிட்டது. 1977இல் தொண்டமான் மீண்டும் தெரிவாகி, 1978இல் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது.

வாக்கு மீண்டது, தலைவர்களின் வருகையும் மீண்டது. காணி மீண்டதா என்பதே இன்றைய வினா. 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டும் மக்கள் ஏன் அகலவில்லை? அகன்று செல்வதற்கு அவர்களுக்கென்று ஓரடி நிலமும் இல்லை. சனாதிபதி வந்தார், அமைச்சர்கள் வந்தனர். புதிய வீடுகள் கைக்கு வர இரண்டு ஆண்டுகள் சென்றன. 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி நோர்வூட்டுக்கு வந்து, மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்னும் பேச்சும் அக்காலத்தில் எழுந்ததே.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் தாக்கியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். கம்பளை நகருக்குள் மகாவலி புகுந்தது. புசல்லாவை வழியாக ஏறும் வீதி பல இடங்களில் அடைபட்டது. சனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்குச் சென்றார்.

இத்துயருக்குச் சில மாதங்கள் முன் வேறொரு காற்றுச் செய்தி நாட்டில் பேசப்பட்டது. மன்னார்த் தீவில் 2020 முதல் 30 காற்றாலைகள் மின்சாரம் தருகின்றன. மேலும் காற்றாலைகள் நிறுவ முற்பட்டபோது, வெள்ளநீர் வடிவதற்கும் மீன்பிடித் தொழிலுக்கும் கேடு நேருமென மன்னார் மக்கள் போராடினர். 2025 ஆகஸ்டில் சனாதிபதி அவர்களோடு கலந்துரையாடிப் பணிகளை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார். 'இது எங்கள் ஊர்' என்று சொல்லும் உரிமை அம்மக்களுக்கு இருந்தது. ஆகவே அரசு அவர்களை அழைத்துப் பேசிற்று.

மலையகத்தில் அம்பேவலைப் புல்வெளியிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. நாளை வேறு குன்றுகளுக்கும் அவை வரலாம். மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆயின் ஒரு காற்றாலைத் தூண் நிற்பதற்கு நிலத்தை அளந்து, மண்ணின் உறுதியைச் சோதித்து, பத்திரம் எழுதுகிறோம். அந்த மலையில் 180 ஆண்டுகளாக வாழ்ந்துவரும் குடும்பத்தின் வீட்டுக்கும் அதே அளவையும் சோதனையும் பத்திரமும் வேண்டாவா?

எனவே, தலைவர் ஒருவர் மலைக்கு வரும்போது அவர் எத்தனை மூட்டை அரிசி கொணர்ந்தார் என்று மட்டும் கேட்பது போதாது. சரியாத நிலம் எங்கே உளது, அது எவர் பெயரில் எழுதப்படும், எந்நாளில் எழுதப்படும் என்று கேட்டல் வேண்டும். அதற்கு விடை தருவதே புனர்வாழ்வு.