எலியன் அம்மையார் கண்ட மருந்துகள்

மருந்துகளின் வரலாற்றைப் புரட்டும்போது, அவற்றுள் பல தற்செயலாகவே கிடைத்தன என்பதை நாம் காண்கிறோம். நோயணு வாழும் முறையை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ப மருந்தை அமைக்கலாம் என்று மெய்ப்பித்தவர்களுள் கெர்ட்ரூட் எலியன் அம்மையார் முன்வரிசையில் நிற்கிறார்.

1918 இல் நியூயார்க்கில் பிறந்த அவர், தம் பதினைந்தாம் வயதில் பாட்டனாரை இரைப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோயை எதிர்த்து உழைக்கும் எண்ணமே அவரை வேதியியலுக்கு ஈர்த்தது. 1937 இல் ஹன்டர் கல்லூரியில் பட்டம் பெற்றும், பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் கதவடைத்தன. ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலையைக்கூட அவர் பார்க்க நேர்ந்தது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றபின்பே கதவு திறந்தது. 1944 இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளராகச் சேர்ந்தார்.

உயிரணு பெருகுவதற்கு நியூக்ளிக் அமிலம் தேவை. அதன் கட்டுமானப் பொருள்களுள் ஒரு வகை ப்யூரின். விரைந்து பெருகும் புற்றணுவுக்கு இத்தேவை மிகுதி. ப்யூரினைப் போன்ற போலிப் பொருளை அளித்தால், அணு அதனை மெய்யென்று ஏற்றுப் பெருக வழியின்றி அழியும். இக்கருத்தின் வழிநின்று, ப்யூரின் ஒன்றில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தை அமைத்தார் எலியன். 6-மெர்காப்டோப்யூரின் பிறந்தது, 1953 இல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் பெற்றது.

இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் சில திங்களிலேயே மடிந்த காலம் அது. இம்மருந்தால் நோய் தணிந்தது. ஆனால் மீண்டும் வந்தது. பிற மருந்துகளோடு இணைத்து வழங்கும் முறை வளர்ந்தபின்னரே அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கும் நிலை உருவாயிற்று.

அதே ஆய்வுக்கூடம் மலேரியாவுக்குப் பைரிமெத்தமினையும், பாக்டீரியா நோய்களுக்கு ட்ரைமெத்தோப்ரிமையும் தந்தது. மனித அணுவுக்குள் புகுந்து வாழும் வைரஸை மட்டும் தனியே தாக்க இயலாது என்றே அந்நாளில் பலர் எண்ணினர். 1970களில் எலியனின் குழு ஆராய்ந்தளித்த அசைக்ளோவிர் அவ்வெண்ணத்தை மாற்றியது. ஹெர்பீஸ் வைரஸின் நொதியே இம்மருந்தைச் செயற்படத் தூண்டுகிறது. நலமான அணுவிலோ இது பெரும்பாலும் வாளாவிருக்கிறது. பகைவனின் படைக்கலமே பகைவனை வீழ்த்துகிறது! அக்கி நோய்க்கும் இம்மருந்து இன்று பயன்படுகிறது.

மாலை வேளைகளில் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற எலியனிடம், வேலையை விட்டு முழுநேரமும் பயில வேண்டும் என்றனர். அவர் பட்டத்தை விட்டார், ஆய்வை விடவில்லை. 1988 இல் ஹிச்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்று, 1999 இல் மறைந்தார்.

போர் மூண்டிராவிட்டால் அக்கதவு திறந்திருக்குமா? திறவாத கதவுகளுக்கு வெளியே நின்று திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களோடு உலகம் இழந்த மருந்துகளை நாம் எவ்வாறு எண்ணுவது?