பில்லில் இருந்த முந்நூறு ரூபாய்

பேத்திக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போன மாதம் குடும்பத்தோடு காந்தி ரோட்டுக்குப் போயிருந்தோம். நான் பிடிவாதமாகச் சங்கக் கடைக்குத்தான் கூட்டிப் போனேன். 34 வருடம் ஒரு பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் உப்புத் தின்றவன் வேறு எங்கே போவான்? புடவை 24,000 ரூபாய். பில்லைக் கையில் வாங்கிய பேரன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அரசுத் தள்ளுபடி என்று 300 ரூபாய் கழித்திருந்தது. அதற்குக் கீழே ஜி.எஸ்.டி. 5 சதவீதம், ஏறக்குறைய 1,200 ரூபாய் ஏறியிருந்தது.

"என்ன தாத்தா, ஒரு கையால முந்நூறு குடுத்துட்டு இன்னொரு கையால ஆயிரத்து இருநூறு எடுத்துக்கறாங்க?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மாதிரி பில்லை ஆயிரக்கணக்கில் எழுதியவன் நான். கணக்கு அவன் சொன்னதுதான். தள்ளுபடி 20 சதவீதம் என்றுதான் பெயர். ஆனால் பட்டுக்கு உருப்படி ஒன்றுக்கு 300 ரூபாய்க்கு மேல் கிடையாது. அதற்கு முன்பு உச்சவரம்பு 200 ரூபாயாக இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குப் பட்டுப் புடவை விற்ற காலத்தில் அந்த 200 ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு 24,000 ரூபாய்ப் புடவையில் 300 என்பது நூற்றுக்கு ஒன்றேகால். வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்குச் சொல்ல ஆரம்பித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெசவாளிக்கு வரிச்சலுகை என்பது நம் ஊருக்குப் புதிது இல்லை. உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. ஊரகத்துப் பெருமாள் கோயிலைப் பற்றியது, அதாவது நம் உலகளந்த பெருமாள் கோயில். காஞ்சியின் நான்கு சேரிகளில் குடியிருந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களிடம் அந்தக் கோயிலின் நிர்வாகத்தையும் கணக்கையும் ஒப்படைத்த செய்தி அதில் வருகிறது. அதே நெசவாளர்கள் தறிக்கு வரியும் கட்டினார்கள். தறி இறை, தறிக்கடமை என்று கல்வெட்டுகளில் அதற்குப் பல பெயர். கும்பெனியார் காலத்தில் அது மொத்தர்பா ஆயிற்று. தறிக்கு, செக்குக்கு, கடைக்கு என்று தொழில் செய்கிறவனிடமெல்லாம் வசூலித்த வரி அது. சலுகை கொடுப்பதும் வரி போடுவதும் ஆயிரம் வருடமாக ஒரே கையெழுத்தில்தான் நடந்து வந்திருக்கின்றன.

இன்னொன்றையும் நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில்தான், 1904 அக்டோபரில். கூட்டுறவுச் சட்டம் வந்த அதே வருடம்.

ஆனால் என் அப்பா காலத்துக் கதை 1952-ல் தொடங்குகிறது. நூல் விலை ஏறி, நெய்த துணி விற்காமல் தேங்கி, மாநிலம் முழுக்க நெசவாளர்கள் தெருவுக்கு வந்த வருடம் அது. அப்பா அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கஞ்சித் தொட்டி வருஷம்" என்றுதான் சொல்வார். முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும், மில்கள் நெய்யக் கூடாது என்று மத்திய அரசிடம் கேட்டார். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. மில்கள் நெய்யும் வேட்டியின் அளவுக்கு ஒரு கட்டுப்பாடு மட்டும் வந்தது. அரசியலில் அவருக்கு நேர் எதிரில் நின்ற நம் ஊர் அண்ணா, 1953 தொடக்கத்தில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணி விற்றார். கழகத்துக்காரர்கள் ஊர் ஊராகத் துணியைத் தோளில் சுமந்து விற்றார்கள். இரண்டு பேருக்கும் ஆகாது என்றாலும் தறிக்காரன் விஷயத்தில் பேச்சு ஒன்றாக இருந்தது.

அந்த 1953-லேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மில் துணிக்குக் கெஜத்துக்கு மூன்று தம்படி கூடுதல் தீர்வை. அதில் வரும் பணம் கதருக்கும் கைத்தறிக்கும். பன்னிரண்டு தம்படி ஓர் அணா என்பது இதைப் படிக்கிற பலருக்கு நினைவிருக்கும். மூன்று தம்படி சின்னக் காசுதான். ஆனால் நாட்டில் மில் துணி எத்தனை கோடி கெஜம்! அந்தப் பணம் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூலதனமாகவும், துணி வாங்குபவர்களுக்குத் தள்ளுபடியாகவும் வந்தது. நம் ஊரில் முதலாளியிடம் பாவு வாங்கி நெய்துகொண்டிருந்தவர்கள் சங்கங்களில் சேர்ந்தது அதற்குப் பிந்தைய வருடங்களில்தான். என் அப்பாவும் அப்படிச் சேர்ந்தவர்தான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு குழித்தறி. சங்கத்தில் சேர்ந்த அன்று வீட்டில் கேசரி கிண்டியதாக அம்மா சொல்லியிருக்கிறாள்.

மில் துணி கட்டிய கூலிக்காரனும் அந்த மூன்று தம்படியைக் கட்டினான் என்பதை நான் பின்னாளில்தான் யோசித்தேன்.

நான் 1972-ல் விற்பனைப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். எந்தச் சங்கம் என்பது வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்போது சிறப்புத் தள்ளுபடி வருடத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் உண்டு. மத்திய அரசும் மாநில அரசும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். அது நடக்கும் விதம் இதுதான். ஆயிரம் ரூபாய்ப் புடவையை வாடிக்கையாளர் 800 கொடுத்து வாங்கிப் போவார். மீதி 200 அரசு சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி. நாங்கள் பில் நகல்களை அடுக்கி, பட்டியல் எழுதி, தணிக்கை முடித்து மேலே அனுப்புவோம். நிதி ஒதுக்கீடு ஆகி அது திரும்பி வர மாதங்கள் ஆகும். சில தடவை அடுத்த வருடத் தள்ளுபடியே வந்துவிடும். அதுவரை சங்கம் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கி வட்டி கட்டும். கர்நாடகத்துப் பட்டுக்கும் சூரத்து ஜரிகைக்கும் யார் கடன் சொல்வது?

இரண்டாவது சங்கடம், தள்ளுபடி நாட்கள் வரும் என்று தெரிந்ததும் அதற்கு முந்தைய ஒன்றரை மாதம் கடைக்கு ஈ காக்கை வராது. வருகிறவர்களும் புடவையைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டு, "தள்ளுபடி எப்ப போடுவீங்க?" என்று கேட்டுப் போவார்கள். தறி அப்படி நிற்க முடியுமா? ஒரு பாவில் மூன்று புடவை. ஒரு புடவைக்குப் பத்து நாளிலிருந்து இருபது நாள். நெசவாளி வருடம் முழுக்க நெய்கிறான், வாங்குகிறவர் குறிப்பிட்ட நாளில் வருகிறார். இடைப்பட்ட மாதங்களில் அலமாரி நிறைந்துவிட்டால் சங்கம் செய்யக்கூடியது ஒன்றுதான், பாவு கொடுப்பதைக் குறைப்பது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முன்னால் வந்த வாடிக்கையாளரிடம், "பணத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க, பில்லுல தேதி மாத்திப் போட்டுக்கலாம்" என்று சொல்லும் வழக்கம் எங்கள் கடையில் இருந்தது. தேதி மாற்றி எழுதிய கை என்னுடையது. தள்ளுபடி இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடியவருக்கு அரசுப் பணத்தை எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்தவர்கள் சொன்னார்கள், செய்தேன் என்பது உண்மை. அது சமாதானம் ஆகாது. இப்படிப்பட்ட புகார்கள் நாடு முழுக்க இருந்தன. 1990 வாக்கில் மத்திய அரசு தன் பங்குத் தள்ளுபடியை நிறுத்திவிட்டு, சந்தை வளர்ச்சி உதவி என்று விற்றுமுதலைப் பார்த்துச் சங்கத்துக்குக் கொடுக்கும் முறைக்கு மாறியதற்கு இவையும் காரணம். தமிழ்நாடு அரசு தள்ளுபடியை விடவில்லை. பிற்பாடு வருடம் முழுக்க, 365 நாளும் என்று ஆக்கியது. உச்சவரம்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் நாளைப் பரப்பியது நல்ல காரியம் என்பேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். தள்ளுபடி பாக்கி வரவில்லை, வங்கியில் கடன் வரம்பு முடிந்துவிட்டது, பட்டு வாங்கப் பணமில்லை. எங்கள் வீட்டுத் தறி இரண்டும் மூன்று மாதம் சும்மா இருந்தன. நான் மாதச் சம்பளக்காரன், அதனால் அடுப்பு எரிந்தது. ஆனால் அப்பாவுக்கு அறுபது வயது. வேலையில்லாமல் உட்காரத் தெரியாத மனிதர். தினமும் காலையில் குளித்து நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு தறிக்குழியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அதே நேரத்தில் கடையில் பழைய இருப்புக்குத் தள்ளுபடி விற்பனை. ஒருநாள் ராத்திரி நான் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்: "ஏன்டா, கார்ல வர்றவங்களுக்கெல்லாம் குறைச்சு எழுதிக் குடுக்கறியே, உங்கப்பனுக்கு ஒரு பாவு எழுதிக் குடுக்க முடியாதா?"

நான் பதில் சொல்லவில்லை. மறு வாரம் அவர் முப்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த முதலாளி வீட்டுக்குப் போனார். அங்கே அன்று சாயங்காலமே பாவு கிடைத்தது, கூடவே முன்பணமும். கூலி சங்கத்தைவிடக் குறைவு. முன்பணம் தீரும்வரை வேறு இடம் போக முடியாது. அவர் கடைசிவரை போகவில்லை. சங்கத்து எழுத்தரின் அப்பா தனியாருக்கு நெய்கிறார் என்று கடையில் கேலி பேசியவர்களும் உண்டு. முதலாளிக்கு நெய்கிறவனின் புடவைக்குத் தள்ளுபடி கிடையாது. இலாபத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு, அதுவும் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான். சலுகை எல்லாம் சங்கத்தின் பெயரில் வந்தது. சங்கத்தில் பாவு இல்லாத நாளில் அப்பாவுக்கு அதில் எதுவுமே இல்லை.

2020-ல் பேரன் லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். கொரோனாவில் முடங்கிய ஓட்டல்களைத் தூக்கிவிட அந்த ஆகஸ்ட் மாதம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஓட்டலில் சாப்பிட்டால் பாதிப் பில்லை அரசாங்கமே கட்டியதாம். ஆளுக்கு 10 பவுண்டு உச்சவரம்பு. அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் கொண்டுவந்த திட்டம். போனில் அவன் அதை அதிசயமாகச் சொன்னபோது, "இது நம்ம ரிபேட்டுடா!" என்றேன். நாள் குறித்தாயிற்று, உச்சவரம்பு வைத்தாயிற்று, வாங்குகிறவர் பெயரில் கொடுத்தாயிற்று. "வியாழக்கிழமை கூட்டம் இருந்ததா?" என்று கேட்டேன். "அன்னிக்கு யார் தாத்தா போவா?" என்றான்.

இத்தனை சலுகைகளிலும் தறிக்குழி வரைக்கும் நேராக வந்தது என்று நான் கண்டது ஒன்றுதான், கரண்ட். 2006-ல் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது. 2016-ல் 200, 2023-ல் 300. அப்பா அதைப் பார்க்கவில்லை. தம்பி பார்த்தான். சங்கத்துக்கு நெய்கிற அவன் வீட்டிலும், முதலாளிக்கு நெய்கிற எதிர்வீட்டிலும் ஒரே மாதிரி பில் வந்தது. பட்டியல் எழுத வேண்டாம், தேதி மாற்ற வேண்டாம், பாக்கி என்று யாரும் சொல்ல முடியாது. நாளெல்லாம் விளக்குப் போட்டுக் கோர்வை நெய்கிறவனுக்கு அது சின்ன உதவி இல்லை.

தம்பி இப்போது நெய்வதில்லை. முழங்கால் போய்விட்டது, பிள்ளைகள் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். தறிக்குழியைப் பலகை போட்டு மூடி அதன்மேல் சோபா போட்டிருக்கிறார்கள்.

புடவையைக் காட்ட அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புடவையைப் பின்பக்கம் திருப்பி, கரை உடலோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். பேரன் தள்ளுபடிக் கதையையும் ஜி.எஸ்.டி. கதையையும் அவனிடம் திரும்பச் சொன்னான். தம்பி கேட்டுக்கொண்டே புடவையை மடித்தான்.

"கோர்வை சுத்தமா இருக்கு. கூட ஆள் வெச்சு நெய்யணும் இதை. கூலி எவ்வளவு குடுத்தாங்களாம்ணா?" என்றான்.

பில்லில் அது இல்லை. கடையில் பழைய ஆட்கள் ஒருவர் இருவர் இருக்கிறார்கள், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் போகவில்லை.