குல்மார்க் பனி: ஸ்கீ வண்டிக்கு முந்தைய கதை

கசார்வாடி ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து புனே போனால், அங்கிருந்து ஜம்முவுக்கு ஜீலம் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதனாலோ என்னவோ, டிசம்பர் பிறந்தாலே இங்கே நம்மவர்கள் வீடுகளில் "இந்தத் தடவை குல்மார்க் போய்ப் பனி பார்க்கலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் ஆசை இன்னும் கூடியிருக்கிறது. போகட்டும், நல்ல ஊர்தான். ஆனால் புனே குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மங்கி கேப் தேடுகிற ஆட்கள் நாம் :-) மூட்டை கட்டுவதற்கு முன் அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கௌரிமார்க் என்று இருந்த பெயரை 16-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சுல்தான் யூசுப் ஷா சக் குல்மார்க் என்று மாற்றியதாகச் சொல்வார்கள். பூக்கள் நிறைந்த வெளி என்று பொருள். வெயிலுக்குப் பயந்து மலையேறிய வெள்ளைக்காரர்கள் பிறகு பனிக்காலத்திலும் வந்தார்கள். 1927-ல் அங்கே இந்திய ஸ்கீ கிளப் தொடங்கினார்கள். அதுவரை எல்லாம் விளையாட்டுதான்.

1948-ல் கதை மாறியது. காஷ்மீர் போரில் லடாக் போகும் வழியான சோஜி லா கணவாய் எதிரிகள் கையில் இருந்தது. உயரம் சுமார் 11,500 அடி. குளிர்காலம் முழுதாக இறங்கிவிட்டால் லே நகரம் கைவிட்டுப் போகும் நிலை. ஜெனரல் திம்மையா அங்கே டாங்குகளைக் கொண்டுபோக முடிவு செய்தார். கோவேறு கழுதை மட்டுமே போகக்கூடிய பாதையை வெடிவைத்து அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது நம் தென்னாட்டுப் படைப் பொறியாளர்கள். தலைமை தாங்கியவர் மேஜர் தங்கராஜு. நவம்பர் 1 அன்று டாங்குகள் கணவாயைக் கடந்தன. (ராணுவப் பொறியாளர்களுக்கான கல்லூரி நம் பக்கத்து தாபோடியில்தான் இருக்கிறது. அந்த மதிலைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.)

அதே ஆண்டு டிசம்பரில் திம்மையாவின் 19-வது டிவிஷன் குல்மார்க்கில் ஒரு ஸ்கீ பள்ளி தொடங்கியது. அதுதான் 1962-ல் உயர்மலைப் போர்ப் பள்ளி என்று பெயர் பெற்றது. அந்த ஆண்டு சீனப் போரில், சமவெளியிலிருந்து பருத்தி உடையோடும் கேன்வாஸ் ஷூவோடும் மலைக்கு அனுப்பப்பட்ட ஜவான்கள் பட்ட பாடு தெரிந்ததே. தோட்டா ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம்.

1978-ல் இந்தப் பள்ளியின் தலைவராக இருந்த கர்னல் நரேந்திர குமார்தான் சியாச்சினுக்குக் குழு கூட்டிப்போனார். 1961-ல் நீலகண்ட மலையில் ஃப்ராஸ்ட்பைட்டால் கால்விரல்களைப் பறிகொடுத்தவர் அவர். அவர் கொண்டுவந்த தகவல்கள் 1984 ஏப்ரலில் ராணுவம் சியாச்சினில் ஏற உதவின.

அங்கும் நம்மவர்கள் இருந்தார்கள். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில், 19 மெட்ராஸ் படைப்பிரிவின் 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: வேலூர், மதுரை, தேனி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவும் 11-ம் தேதி டெல்லியில் இறந்துபோனார். அவ்வளவு தூரம் போவானேன்? குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க்கிலேயே 2010 பிப்ரவரியில் பயிற்சியில் இருந்த 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், இரண்டு நாள் விருந்தாளிகள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இனி நமக்கு வேண்டிய விஷயங்கள்.

டிசம்பர் 21 முதல் 40 நாள் கடும் குளிரை அங்கே சில்லாய் கலான் என்பார்கள். 2024-ல் அது தொடங்கிய நாளில் ஸ்ரீநகரிலேயே மைனஸ் 8.5. ஐம்பது ஆண்டுகளில் காணாத டிசம்பர் குளிர். குல்மார்க்கில் மைனஸ் 10 என்பது புதிதல்ல.

ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். கோண்டோலா 1998-ல் கொங்டூரி வரையும், 2005-ல் அபர்வத் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரையும் வந்தது. மேலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டாம். போன நாளே ஏறவும் வேண்டாம்.

ஒரே தடி ஸ்வெட்டரைவிட மெல்லிய உடைகள் மூன்று அடுக்கு மேல். உடம்பை ஒட்டி பருத்தி பனியன் கூடாது. வேர்வையில் நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். மாற்று சாக்ஸ் கட்டாயம். பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்குங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.

விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். உள்ளே வந்து வெதுவெதுப்பான நீரில் வைத்து, உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பூட்டிய அறையில் கரி அடுப்பு எரியவிட்டுத் தூங்குவது குளிரைவிட ஆபத்து.

ஸ்கீ கற்றுக்கொள்ள ஊருக்குள் இருக்கும் சாய்வே போதும். எல்லை தாண்டிய சரிவுகளில் 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்களும் 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் பனிச்சரிவில் இறந்தார்கள்.

இன்னொன்று. பனி இப்போதெல்லாம் நாம் கேட்டபோது பெய்வதில்லை. 2025 பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. டிக்கெட் போடுமுன் அங்கே பனி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பிள்ளைகள் பனிமனிதன் செய்து முடித்ததும், சோஜி லாவில் நம் ஆட்கள் பாதை போட்ட கதையையும் சொல்லுங்கள். அதைக் கேட்க ஜீலம் எக்ஸ்பிரஸில் திரும்பி வரும் நேரம் தாராளமாகப் போதும்.